போனில் சொன்ன செரி

கேரளத்து வர்க்கலாவில் அறை எடுத்த மறுநாள் காலையில், இட்லியைப் பிட்டு வாயில் வைக்கும்போது செங்கோடனின் போனில் வீடியோ கால் வந்தது. திருச்செங்கோட்டிலிருந்து, ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியின் முதலாளி வேலுமணி. ஆயுத பூஜை முடிந்ததும் வண்டி ராய்ப்பூர் கிளம்புகிறது என்றான். செங்கோடன் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "செரிங்க, வந்தர்றனுங்க" என்றார்.

எதிரில் உட்கார்ந்திருந்த அமுதவல்லிக்கு இட்லி இறங்கவில்லை.

போர் வண்டியில் துளை போடும் டிரில்லரான செங்கோடனுக்கு வாக்கப்பட்டவள் அவள். மழைக்காலத்தில் வண்டி ஊர் திரும்பினால்தான் புருசன் முகம். மற்றபடி குடும்பம் நடந்ததெல்லாம் அவளுடைய பட்டன் போனில்தான். அவர் கத்துவார், கம்ப்ரசர் ஓடுகிறதென்று இவளும் கத்துவாள். போன சீசன் பூராவும் அவள் கத்தியது ஒரே விஷயம். இனிமேல் போக வேண்டாம், ஒத்தையில் கிடந்து கிடந்து சலித்துவிட்டது, வீட்டோடு இருங்கள். ஒவ்வொரு தடவையும் அவர் "செரி, செரி" என்றுதான் சொன்னார். அந்தச் செரியை நம்பி வீட்டில் அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, புதுக் கட்டிலும் வாங்கிப் போட்டிருந்தாள். பெங்களூரில் இருக்கும் மகன் சித்தார்த், கடலோரம் போய்ச் சும்மா இருந்துவிட்டு வாருங்கள் என்று டிக்கெட் போட்டுக் கொடுத்தபோது, இனி எல்லா நாளும் இப்படித்தான் என்று நினைத்தாள். ஆசை யாரை விட்டது.

"போமாட்டேன்னு சொன்னீங்களே" என்றாள்.

"எப்பச் சொன்னேன்?"

அவர் முகத்தில் கள்ளத்தனம் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

சாப்பிட்டுவிட்டுக் குன்றின் மேல் நடைபாதையில் நடந்தார்கள். அவர் முன்னால், இவள் பின்னால். கீழே கடல் நீலமாகக் கிடந்தது, வெள்ளைக்காரர்கள் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தார்கள். அமுதவல்லி எதையும் பார்க்கவில்லை, திட்டிக்கொண்டே போனாள். வாக்குத் தவறியவர் என்றாள், கல்நெஞ்சுக்காரர் என்றாள், கடைசியில் வாய் தவறி, "உங்கொம்மா வளத்த வளப்பு அப்படி" என்றும் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு அவளுக்கே திக்கென்றது. அம்மாவைப் பற்றி அரை வார்த்தை வந்தாலும் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுகிற மனுசன் அவர்.

செங்கோடன் கடலை வேடிக்கை பார்த்தபடி நிதானமாக நடந்துகொண்டிருந்தார்.

அவள் இன்னொரு தடவை, சத்தமாகவே சொல்லிப் பார்த்தாள். எதிரே வந்த மலையாளி திரும்பிப் பார்த்தான். இவர் திரும்பவில்லை. ஓடிப்போய் முன்னால் நின்றாள்.

"ஏனுங்க, காது கேக்கறதில்லீங்களா?"

அவர் அவள் வாயையே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"கம்ப்ரசர் சத்தத்துல போயிருச்சு. மூஞ்சியப் பாத்தா புடிச்சுக்குவேன். போன்ல உன்ற பேச்சு ஒண்ணும் புரியாது."

"அப்பறம் எதுக்குச் செரி செரின்னீங்க?"

"நீ எனக்குக் கெட்டதா சொல்லப்போற? அதான், எதுன்னாலும் செரின்னு சொல்லிப் போடறது." பிறகு, "வேலுமணிக்குத் தெரிஞ்சா எறக்கி உட்ருவான். அந்த வேலைய உட்டா எனக்கு என்ன தெரியும் புள்ள" என்றார்.

அவளுக்கு அழுகைதான் வந்தது. தன் ஆற்றாமையை எல்லாம் இத்தனை நாளும் சுவரிடமா சொன்னோம் என்று நினைத்தாள். கம்ப்ரசர் பக்கத்தில் ஆள் கூப்பிட்டும் கேட்காமல் இவர் நின்றிருப்பாரே என்று நினைத்ததும் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கோபம் எப்போது போனதென்று தெரியவில்லை.

சாயங்காலம் மணலுக்கு இறங்கினார்கள். கரை முழுக்கக் கூட்டம். எல்லோரும் கடலைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்து, சூரியன் இறங்கக் காத்திருந்தார்கள். அவர்களும் ஓரமாக உட்கார்ந்தார்கள்.

"போன்ல சொன்னதயெல்லாம் இப்பச் சொல்லு" என்றார் செங்கோடன்.

சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தார். பின்னால் வானம் சிவந்து, சனமெல்லாம் செல்போனைத் தூக்கிப் பிடித்தது. அவர் மட்டும் இமைக்காமல் அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.