வராதவரின் பங்கு

...இரண்டு வருடம் என்றால் நாலு போகம், காலபோகம் இரண்டு, சிறுபோகம் இரண்டு, ஆனால் கட்டாரில் இருப்பவருக்குப் போகக் கணக்கு எங்கே ஞாபகம் வரப்போகிறது, வேலைக் கொந்தராத்தைப் புதுப்பிச்சிட்டன் யதுர்சிகா, ரெண்டு வருசம்தானே, கண்ணை மூடி முழிக்க ஓடிப்போயிடும் என்றார் கைபேசியில், இன்றைக்கு விடிய ஐந்தரைக்கு, நான் கிணற்றடியில் வாளியோடு நிற்கும்போது. கண்ணை மூடி விழிக்கிற வேலையைத்தான் மூன்று வருடமாக நானும் செய்கிறேன், ஒன்றும் ஓடியதாகத் தெரியவில்லை. சரி என்றேன். வேறென்ன சொல்வது, கையெழுத்துப் போட்டபிறகு சொல்கிற செய்திக்குச் சரி என்றுதான் சொல்லலாம். பிறகு வாளி நிரம்பி வழிந்ததைக் கவனிக்கவில்லை, சேலைக்கரை நனைந்துவிட்டது, இப்போதும் ஈரம், இந்தப் பிளாஸ்டிக் கதிரையில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. பொதுநோக்கு மண்டபத்தில் ஒரு மின்விசிறிதான் சுற்றுகிறது, அதுவும் விவசாயிகள் சங்கத் தலைவருக்கு மேலே. தலைவர் பரமநாதன் அண்ணை பதிவேட்டை விரித்துவைத்துப் பெயர் வாசிக்கிறார், ஒவ்வொரு பெயருக்கும் கண்ணாடியைக் கழற்றி ஆளைத் தேடுகிறார். எழுபத்திமூன்று பெயர். என் மனுசன் சுபாஸ்கரனுடையது அறுபத்தொன்று. இன்னும் நேரம் இருக்கிறது.

என்ன நேரம், எதற்கு நேரம். கேள்வி சின்னக் கேள்வி, ஆள் இந்தமுறை வாறாரோ இல்லையோ. ஓம் என்றால் சிறுபோகத்துப் பங்கு எங்களுக்கு. இல்லை என்றால் அரை ஏக்கர் கனகம்மாக்காவுக்குப் போகும். அவ வாசலுக்குக் கிட்ட நிலத்தில் இருக்கிறா, கதிரை காலியாக இருந்தும் ஏறி இருக்கமாட்டா, காணி இல்லாத ஆக்கள் இந்தக் கூட்டத்துக்கு வருவதே இதுதான் முதல் தடவை. குளத்தில் தண்ணீர் குறைந்த வருடங்களில் எல்லா வயலையும் செய்ய முடியாது, கட்டுக்கரைக் குளத்தில் இருந்து வருகிற வாய்க்காலுக்குப் பக்கத்தில் ஒரு வயல்வெளியை மட்டும் தெரிந்தெடுப்பார்கள், அந்த வெளி யாருடைய காணி உறுதியில் இருந்தாலும் அந்தப் போகத்துக்கு அது எல்லாருக்கும், பத்து ஏக்கர் வைத்திருப்பவருக்கு ஓர் ஏக்கர், ஐந்துக்கு அரை என்று கயிறு பிடித்துப் பிரித்துக் கொடுப்பார்கள். சொந்தக்காரர் தன் வயலில் மற்றவர் விதைப்பதைப் பார்த்துக்கொண்டு வரம்பில் நிற்பார். இந்த வருடம்தான் புது விதி. ஊரில் இல்லாதவர்களின் பங்கைக் குத்தகைக்கு விடக்கூடாது, வந்து தானே செய்யாதவரின் பங்கு காணியில்லாத ஒருவருக்குப் போகவேண்டும். நல்ல விதி. நியாயமான விதி. போன மாசிக் கூட்டத்தில் அதை முன்மொழிந்தது யார், நான். அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்ததும் நான். ரீச்சர் எழுதினா பிசகாது என்று கைதட்டினார்கள். அப்போது அவர் சித்திரைக்கு வந்திடுவன் என்று சொல்லியிருந்தார். தன் வாயால் கெடுவதற்குத் தவளைதான் வேண்டும் என்றில்லை, பொருளியல் ரீச்சரும் போதும்.

முதலாளித்துவம் தன் பாரம் தாங்காமல் தானே விழும், நாங்கள் தள்ளவும் தேவையில்லை, விலகி நிண்டாச் சரி என்பார். கல்யாணம் கட்டிய புதிதில் படுக்கையிலும் இதே கதைதான், மற்றப் பெண்களுக்கு என்னென்ன கதை கிடைத்ததோ, எனக்கு உபரி மதிப்பு. பெற்றோல் வரிசை நின்ற வருடம் அவருக்குத் திருவிழா. இரண்டு பகல் ஓர் இரவு வரிசையில் மோட்டார் சைக்கிளோடு நின்றார், நான் சாப்பாடு கொண்டுபோனேன், அங்கே பார்த்தால் தாராபுரத்து நௌபர் நானா ஒரு பெரிய சருவத்தில் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றுகிறார், யாரோ பாணை வெட்டுகிறார்கள், ஒரு கிழவருக்கு எல்லோருமாக இடம்விட்டு முன்னுக்கு அனுப்புகிறார்கள். பாத்தியோ, இதுதான் முடிவு, இனி வாறது வேற உலகம் என்றார், கண்ணெல்லாம் பளபளவென்று, நாலு நாள் தாடியோடு. அந்த முகத்தை நான் இன்றைக்கும் விடியப்புறங்களில் தேடுகிறேன், கைபேசிக் கண்ணாடியில் வருவது வேறு முகம், தொப்பி போட்ட, சிரிக்க நேரமில்லாத முகம். பிறகு பெற்றோல் வந்தது. சருவம் வீட்டுக்குப் போனது. அவரவர் அவரவர் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார்கள். உரம் வாங்க முடியாத விலையில் நின்றது, அடுத்த மாசி அவர் விமானம் ஏறினார், பெரிய கம்பனி ஒன்றின் களஞ்சியத்தில் பெட்டி அடுக்க. விழப்போகிற சுவரில் இருந்து விலகி நிற்கச் சொன்ன மனுசன், அதற்கு முண்டு கொடுக்கப் போனார். இதை ஒருநாள் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நான் சொல்லியிருக்கக் கூடாது.

ஐம்பத்திரண்டு. பரமநாதன் அண்ணை தண்ணீர் குடிக்கிறார். மடியில் விடைத்தாள் கட்டு, வரும்போது பஸ்ஸில் திருத்தலாம் என்று எடுத்துவந்தது, முதலாளித்துவம் நீடிக்குமா, அதன் இடத்தில் எது வரலாம், இருபது புள்ளி. பிள்ளைகள் எல்லோரும் நான் சொல்லிக்கொடுத்ததையே திருப்பி எழுதியிருக்கிறார்கள், பேராசை, போட்டி, நெருக்கடி, கூட்டுறவு. ஜெஸ்லியா மட்டும் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறாள், முதலாளித்துவம் போகத்தான் வேணும், ஆனால் எங்கட வாப்பா குவைத்தால வந்து சேர்ந்தபிறகு போனால் நல்லது. சிவப்புப் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று தரிப்பிடம் தாண்டும்வரை அந்த வரியைப் பார்த்தேன். பிழை போட மனம் வரவில்லை, சரி போடவும் பயம்.

எதனால் பயம்... இந்தப் பங்கு முறையை வகுப்பில் உதாரணம் காட்டியிருக்கிறேன், பாருங்கோ, எங்கட ஊரிலேயே இருக்கு, உறுதியை மடித்து வைத்துவிட்டுத் தண்ணீரைப் பார்க்கிற ஒரு முறை என்று. சுபாஸ்கரன் கேலி செய்வார், அது பொதுவுடைமையில்லையடி, வரம்பு கட்டின பங்குக் கம்பனி, பத்து உள்ளவனுக்கு ஒண்டு, ஒண்டும் இல்லாதவனுக்கு ஒண்டுமில்லை. சொல்வது சரிதான். ஆனால் அந்தக் கம்பனிதானே எங்களைச் சேர்த்துவைத்தது. கல்யாணத்துக்கு முந்தி ஒரு வருடம், கயிற்றை எடுத்தபிறகு எல்லாத் துண்டும் ஒரே மாதிரிக் கிடந்தது, அடையாளத்துக்கு நட்ட தடியை மாடு விழுத்தியிருக்கவேண்டும், இவர் போய் எங்கள் அப்பாவின் துண்டில் ஆறு மரைக்கால் நெல்லை விதைத்துவிட்டு வந்துவிட்டார். சொந்த வயலில் யாரும் அப்படிப் பிழைவிடமாட்டார்கள், தன் வரம்பு காலுக்குத் தெரியும், பொதுவாக்கிய வெளியில்தான் அது நடக்கும். முளைத்தபிறகு தெரிந்தது. மன்னிப்புக் கேட்க வந்து முற்றத்தில் நின்றார், சேட்டில் முதல் பொத்தானை இரண்டாவது துளையில் போட்டுக்கொண்டு. விதை உங்கட, துண்டு அவையின்ர, தண்ணி ஊரின்ர, சேர்ந்து வெட்டிச் சேர்ந்து எடுங்கோ என்று தீர்த்துவைத்தது இதே பரமநாதன் அண்ணை. வெட்டு முடிய எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. வெட்டு முடியவா, பொத்தானைக் கண்டபோதேயா. இப்போது யாரோடு இதைச் சரிபார்ப்பது, கேட்டால் இணைப்பு அறுந்து அறுந்து வரும், என்ன சொன்னனீ, என்ன சொன்னனீ என்பார். பிள்ளை ஒன்று பிறக்கவேண்டும் என்றாலும் ஆள் ஊரில் இருக்கவேண்டும்தானே. முப்பத்தாறு ஆகிறது எனக்கு.

ஐம்பத்தெட்டு. குளம் நிரம்பிய வருடம் யாரும் பங்கைப் பற்றிப் பேசுவதில்லை, உறுதிகள் அலுமாரியில் இருந்து வெளியே வரும், பற்றாக்குறைக்குத்தான் நாங்கள் நல்லவர்கள். அப்படியென்றால் முதலாளித்துவத்தின் இடத்தில் வரப்போவது ஏற்கெனவே இங்கேதான் இருக்கிறதா, வறட்சிக்கு வெளியே எடுத்து மழைக்கு உள்ளே வைக்கிற சாமானாக... இல்லை, இப்போது இதெல்லாம் எதற்கு, நழுவப் பார்க்கிறேன். கனகம்மாக்கா முந்தானையில் முகம் துடைக்கிறா. முப்பது வருடம் மற்றவர் வயலில் நாற்றும் களையுமாகக் கழிந்த முதுகு. அரை ஏக்கரில் அவ வீட்டுக்கு வருடச் சோறு. எங்களுக்கு அது என்ன, இதுவரை இரண்டு வருடம் குத்தகைக் காசு, போன வருடம் அதுவும் பாதி வரவில்லை. நான் ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு போகத்துக்குத்தானே ரீச்சர், ஆள் வந்தா அடுத்தமுறை திரும்ப எடுக்கலாம் என்று பரமநாதன் அண்ணையும் சொல்லியிருக்கிறார். ஆனால் இந்த ஊர் அவருடைய பெயரை வாய்விட்டு வாசிக்கிற இடம் இது ஒன்றுதான். கடிதம் வருவதில்லை, கூப்பன் கடையிலும் பெயர் இல்லை, வாக்காளர் இடாப்பில் வெட்டிவிட்டார்கள். வாசித்து ஆள் இல்லை என்று எழுதினால், பிறகு அவர் எங்கே இருக்கிறார், என்னுடைய கைபேசியில் மட்டுமா. இல்லை என்று சொல்லிவிடு. விதியை எழுதிய கை உன்னுடையது. சொல்லிவிடு.

“சுபாஸ்கரன், ஐஞ்சு ஏக்கர், பங்கு அரை.” கண்ணாடியைக் கழற்றினார். “ரீச்சர், ஆள் இந்தமுறை வாறாரோ?”

“ஓம். வாறார்.”

அவ்வளவுதான், இரண்டு சொல். பேனை ஒரு சரி போட்டு அறுபத்திரண்டுக்கு நகர்ந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கனகம்மாக்காவைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், பார்த்துவிட்டேன், அவ எழும்பி, குனிந்து குனிந்து கதிரைகளுக்கு இடையால் என்னிடம் வருகிறா, ஏசப் போகிறா என்று மடியில் கட்டை இறுக்கிப் பிடித்தேன், ஏசினால் நல்லது, ஏசினால் உண்மையைச் சொல்லிவிடுவேன். அவ பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்தா, சொரசொரவென்ற உள்ளங்கை. “மெய்யாவோ பிள்ளை, தம்பி வாறாரோ? எனக்கு அரை ஏக்கரென்ன, பிறகு பாப்பம். நீ தனிய கிடந்து உருகிறதைப் பாக்கேலாமக் கிடந்தது.” பேராசை என்று எழுதிய பிள்ளைகளுக்கெல்லாம் முழுப் புள்ளி போட்டேனே. எனக்கு இதில் ஒரு சதம் ஆசையுண்டா. ஒரு மனுசனுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறேன், அவ்வளவுதானே, உலகம் முழுக்க எல்லோரும் இப்படி யாரோ ஒருவருக்காக இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தால் முதலாளித்துவம் எங்கேயிருந்து விழும்... “எப்ப வாறார்?” என்று அவ கேட்டா, இன்னும் கையை விடவில்லை. வைகாசி என்றேன். வைகாசி முழுநிலாப் பறுவத்துக்கு முந்தி, விதைப்புக்கு வந்திடுவார் என்றேன். சொல்லி முடிய அவ தலையாட்டி விரல்களில் கிழமைகளை மடித்தா, சித்திரை மூன்று கிழமை கிடக்கு, பிறகு ஒன்று, இரண்டு... ஏழு பிள்ளை, ஏழு கிழமைதான் என்றா, நான் இல்லை அக்கா, ஆறு என்று திருத்தினேன்.