மூன்று பேருக்கு ஒரு கல்

"புனிதா, நாளைக்குக் காலையில உனக்கு வகுப்பு இருக்கா?"

கதவைத் திறந்ததும் மெய்யம்மை ஆச்சி கேட்ட முதல் கேள்வி அதுதான். எதிர்வீடுதான் என்றாலும், பிரிக்பீல்ட்ஸின் அந்த அடுக்குமாடியில் ஆச்சி சும்மா யார் வாசலுக்கும் வந்துவிட மாட்டார். புனிதாவுக்கு நெஞ்சு படபடத்தது. ஆச்சியின் மகன் கார்த்திகேயன் வீட்டில் அவளைப் பற்றி ஏதாவது பேசியிருப்பானோ?

"ஞாயித்துக்கிழமை லீவுதான் ஆச்சி. உள்ள வாங்க."

"உக்கார நேரமில்லம்மா. கார்த்திக்குப் பொண்ணு பார்க்க நாளைக்குக் கிள்ளான் போறோம். என் பெரிய மக வர்றதா இருந்தா. பேரனுக்குக் காய்ச்சல், வர முடியலைங்குறா. இப்ப நான், கார்த்தி, என் தம்பின்னு மூணு பேரா ஆயிடுச்சு. நல்ல காரியத்துக்கு மூணு பேராப் போகலாமா? நீயும் கூட வாயேன்."

படபடப்பு அப்படியே அடங்கிவிட்டது. "சரி ஆச்சி, வரேன்" என்று தன் வாய் சொல்வதைப் புனிதா கேட்டுக்கொண்டு நின்றாள்.

தெரு முனையில் இருக்கும் டியூஷன் சென்டரில் அவள் பிள்ளைகளுக்குக் கீபோர்ட் சொல்லித்தருகிறாள். அடுத்த அறையில் கார்த்திகேயன் எஸ்.பி.எம். தேர்வெழுதும் பள்ளி மாணவர்களுக்கு இயற்பியல் எடுக்கிறான். நடுவில் இருப்பது வெறும் பலகைச் சுவர். ஆரம்பத்தில், "டீச்சர், உங்க பாட்டு சத்தத்துல என் பசங்களுக்கு நியூட்டனே ஆடுறாரு லா" என்று சண்டைக்கு வந்தவன், பிறகு அந்தச் சத்தத்தையே பாடமாக்கிக்கொண்டான். அவன் சுவரை இரண்டு முறை தட்டினால் அவள் டோ, மீ, சோ மூன்று சுரங்களையும் சேர்த்து அழுத்த வேண்டும். "கேட்டீங்களா? டோ நாலு தடவை அதிர்ற நேரத்துல மீ அஞ்சு தடவை, சோ ஆறு தடவை. கணக்கு சரியா இருக்குறதாலதான் காதுக்கு இதமா இருக்கு" என்று மாணவர்களிடம் சொல்வான். நடுவில் உள்ள மீயை மட்டும் பக்கத்துக் கறுப்புக் கட்டைக்கு இறக்கினால் அதே ஓசை அழுவது போல மாறிவிடும் என்பதை அவனுக்குச் சொன்னது புனிதா. அன்று அவன் சிறுபிள்ளையைப் போல வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

ஆறு வருடமாகச் சுவர் தட்டும் அந்தச் சத்தத்துக்குத்தான் அவள் சனிக்கிழமைகளில் நல்ல புடவையாக எடுத்துக் கட்டினாள். தீபாவளி முடியட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். பிறகு தைப்பூசம் முடியட்டும் என்றாள். ஆச்சிக்கு நகரத்தார் வீட்டுப் பெண்தான் வேண்டும். ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவளை நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார் என்பது தெரிந்ததுதான். ஆனாலும் அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தாள். அம்மாவும் போன பிறகு, அந்த வீட்டில் காத்திருப்பு ஒன்றுதான் அவளுக்குத் துணையாக இருந்தது.

மறுநாள் கார்த்திகேயன் காரை ஓட்டினான். பக்கத்தில் அவன் தாய்மாமன் தியாகராஜன். பின்னால் ஆச்சியும் புனிதாவும். இருவருக்கும் நடுவில் பழத்தட்டு.

"என்னக்கா, அந்தக் காலத்துல மூணு பேரா கிளம்புனா ஒரு கல்லை எடுத்துக் கையில வச்சுக்கிட்டுப் போவாங்க. அது நாலாவது ஆள் கணக்கு" என்றார் தியாகராஜன்.

"கல்லுக்குக் காப்பி குடுக்க வேணாம், மிச்சம்" என்றார் ஆச்சி.

"நம்ம கல்லு கீபோர்ட் வாசிக்கும் லா!" என்றார் தியாகராஜன்.

கார் முழுக்கச் சிரிப்பு. புனிதாவும் சிரித்தாள். கண்ணாடியில் கார்த்திகேயனின் முகம் தெரிந்தது. அவனும் மனம்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பில் சங்கடம் என்று ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று அவள் ஷா ஆலம் தாண்டும் வரை தேடிப் பார்த்தாள். இல்லை.

கிள்ளானில் பெண் வீட்டார் வாசலுக்கே வந்து அழைத்துப் போனார்கள். "இவங்க?" என்று பெண்ணின் அம்மா புனிதாவைப் பார்த்துக் கேட்க, "எதிர்வீட்டுப் பொண்ணு. சொந்தமில்ல. மூணு பேரா வரக் கூடாதேன்னு கூட்டிட்டு வந்தேன்" என்று ஆச்சி வெள்ளந்தியாகச் சொன்னார்.

பெண்ணின் பெயர் ஸ்ருதி. மருந்தகத்தில் வேலை பார்க்கிறாள். அலட்டல் இல்லாத முகம். கும்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தவள் எழுந்து, "அக்கா, கோப்பை எடுக்க ஒரு கை குடுங்களேன்" என்று புனிதாவை அடுப்படிக்கு அழைத்துக்கொண்டு போனாள். கதவை ஒருக்களித்து வைத்தாள்.

"தப்பா நினைக்காதீங்க. நீங்க சொந்தம் இல்லைன்னு சொன்னாங்க. அதான் உங்ககிட்ட கேக்குறேன். போன வருஷம் ஒரு இடம் பேசி, நிச்சயத்துக்கு முன்னாடி நின்னுபோச்சு. அப்பவும் எல்லாரும் தங்கமான பையன்னுதான் சொன்னாங்க. இவரு எப்படிக்கா? நீங்க வேணாம்னா, நான் இப்பவே அம்மாகிட்ட வேணாம்னு சொல்லிடுவேன்."

புனிதா கோப்பைகளைப் பார்த்தாள். கல்லிடம் யாராவது கேள்வி கேட்பார்களா? வானத்தில் இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று இழுத்தால் பாதையைக் கணக்குப் போட்டுவிடலாம், மூன்றாவது ஒன்று வந்துவிட்டால் எது எங்கே போகும் என்று முழுசாக எழுதிக் காட்ட எந்தச் சூத்திரமும் இல்லை என்று பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவன் பாடம் நடத்தியது நினைவுக்கு வந்தது. இப்போது அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெரிய பொய்கூட வேண்டாம். கொஞ்சம் தயங்கினாலே போதும், இந்தப் பெண் புரிந்துகொள்வாள்.

"பேப்பர் திருத்த உக்காந்தா சாப்பாட்டை மறந்துடுவாரு" என்றாள் புனிதா. "கோபம் வந்தா மூணு நாள் பேச மாட்டாரு. நாலாவது நாள் ஒண்ணுமே நடக்காத மாதிரி கெத்துக் பலகாரம் வாங்கிட்டு வந்து நிப்பாரு. பீஸ் கட்ட முடியாத பிள்ளைங்களை வெளிய நிறுத்தவே மாட்டாரு. அம்மாவைத் தனியா விட்டுட்டு வர மாட்டாரு, அதை நீங்க ஏத்துக்கணும். நல்ல மனுசன்மா. இது நான் பார்த்தது, யாரும் சொல்லச் சொல்லல."

ஸ்ருதி நிம்மதியாகத் தலையாட்டினாள். தட்டைக் கையில் எடுத்தவள், மீண்டும் மேடையில் வைத்தாள். "அவர் மனசுல வேற யாராச்சும்..?"

கூடத்தில் தியாகராஜன் எதற்கோ உரக்கச் சிரித்தார்.

"இருந்திருந்தா இந்நேரம் எனக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றாள் புனிதா.

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று அவளுக்கே தெரிந்தது. ஆறு வருடமாகத் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளாத வாக்கியத்தை, முன்பின் தெரியாத ஓர் அடுப்படியில், வேறொரு பெண்ணுக்கு ஆறுதலாகச் சொல்லிவிட்டாள்.

திரும்பும் வழியெல்லாம் ஆச்சி வாய் ஓயாமல் பேசினார். பெண் வீட்டில் அன்றைக்கே சம்மதம் சொல்லிவிட்டார்கள். கார்த்திகேயன் கண்ணாடி வழியாக, "தேங்க்ஸ் புனிதா, நீ வந்த ராசி" என்றான். அடுக்குமாடி வாசலில் இறங்கும்போது ஆச்சி இரண்டு ஆரஞ்சுப் பழங்களை அவள் கையில் வைத்து அழுத்தினார்.

"நிச்சயத்துக்கு எங்க ஆளுங்களே நிறைய வந்துடுவாங்கம்மா. உனக்கு அலைச்சல் வேணாம். கல்யாணத்துக்குக் கண்டிப்பா வந்துடணும்."

"வரேன் ஆச்சி."

அடுத்த சனிக்கிழமை அவள் மற்ற நாள்களில் கட்டும் பழைய காட்டன் புடவையைக் கட்டிக்கொண்டு போனாள். அவளிடம் படிக்கும் பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பிய நேரம், சுவர் இரண்டு முறை தட்டப்பட்டது. அவள் விரல்கள் தாமாகவே எழுந்தன. டோவையும் சோவையும் அழுத்தினாள். நடுவிரல் மட்டும் இறங்கவில்லை. ஓசை ஆளில்லாத வீடு போல வெறுமையாக ஒலித்தது.

"டீச்சர், நடுவுல உள்ளதைக் காணோமே!" என்றான் அவன் அந்தப் பக்கத்திலிருந்து. அவன் குரலில் புதுச் சந்தோஷம் வழிந்தது. மாணவர்கள் சிரித்தார்கள்.

அவள் மீயைச் சேர்த்தாள். மூன்றும் சேர்ந்து நிறைந்து ஒலித்தன. "அதான்!" என்றான் அவன். பாடம் தொடர்ந்தது.

புனிதா கீபோர்டின் ஒலியை முழுவதுமாகக் குறைத்துவிட்டு, நடுவிரலை மெல்லப் பக்கத்துக் கறுப்புக் கட்டைக்கு நகர்த்தினாள். மூன்றையும் சேர்த்து அழுத்தினாள். கட்டைகள் அடியில் போய் முட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அடுத்த அறைக்கு அது எட்டவில்லை.