காதோரம் வைத்த கை

விடிவதற்கு முன்பே அன்புச்செல்வி மின்விசிறியை நிறுத்திவிட்டாள். அது ஓடினால் அதன் இரைச்சல் போனில் பதிவாகும் பாடத்தில் விழும். ஊரூர் ஒல்காட் குப்பத்தில் ஒற்றை அறை வீடு; சன்னலையும் சாத்தியாக வேண்டும். அரிசி டிரம்மின் மேல் குக்கர், குக்கரில் சாய்த்து வைத்த போன். புழுக்கத்தில் வியர்வை இறங்கி ரவிக்கை முதுகோடு ஒட்டியது. முகத்தில் மட்டும் சிரிப்பு மாறக் கூடாது. நாலாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தபோது சந்தில் மீன்காரி தேவானையின் குரல் எழும்பியது.

"தேவானக்கா, கொஞ்சம் அந்தாண்ட போய் கூவேன். பாடம் எடுத்துக்கினு கீறேன்."

"யாருக்குடி எடுக்கற? உள்ள ஒரு புள்ளயும் காணோமே."

போன மாதம் வரை இந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இருந்தது. அப்போது ஷகீலா உயிரோடு இருந்தாள்.

அவளும் ஷகீலாவும் வேலை பார்த்தது தியாகராய நகரில் ஒரு தனியார் பள்ளியில். கோடை விடுமுறையில் தாளாளர் நெடுஞ்செழியன் 'ஆசிரியருக்குப் பயன்படும் இணையக் கருவிகள்' என்று பயிற்சி வைத்தார். மற்றவர்கள் மிரண்டு பின்வரிசை தேடியபோது, அறிவியல் நடத்தும் ஷகீலா மட்டும் ஆசையாக முன்னால் போய் உட்கார்ந்தாள். பள்ளி எல்லாருக்கும் கொடுத்த போனிலேயே வினாடி வினா வைக்கக் கற்றுக்கொண்டாள். காய்ச்சலில் படுத்த பிள்ளைக்குப் பாடத்தைப் படம்பிடித்து அனுப்பினாள். சாப்பாட்டு வேளையில் அன்புச்செல்விக்கும் மற்றவர்களுக்கும் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். நல்ல கருவிகள்தான். அதில் யாருக்கும் சந்தேகமில்லை.

ஒரு பழக்கத்தை மட்டும் ஷகீலாவால் விட முடியவில்லை. கேள்வி கேட்டதும் காதோரம் கையைக் குவித்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருப்பாள். ஆளில்லாத அறையில் போனுக்கு முன்னாலும் அப்படியே காத்திருந்தாள்.

கணினி ஆசிரியர் பிரபு சிரித்தான். "மிஸ், எதிர்ல யாருமே இல்ல. அந்த எடத்த வெட்டிடறேன்."

"வேணாம் பிரபு. வீட்ல பாக்கற புள்ள பதில் சொல்லும்ல? அதுக்கு நேரம் குடுக்கணும்."

கருவி பிள்ளைகளுக்கு இருந்தவரை சுகமாக இருந்தது. தாளாளர் கைக்குப் போனதும் அது சாட்டையாகிவிட்டது. சோறு தின்னும்போதும் செய்தி, ரயிலில் நிற்கும்போதும் செய்தி. ஒருநாள் காலை மாம்பலம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஷகீலா இறங்கிக்கொண்டிருந்தாள். 'இன்றைய வினாடி வினா இன்னும் ஏறவில்லை. உடனே ஏற்றவும்' என்று வந்தது. கூட்டத்தின் நடுவில் படியில் இறங்கியபடியே ஏற்றினாள். பின்னாலிருந்து நெருக்கியது கூட்டம், கால் இடறியது. தலையில் அடி. ஆஸ்பத்திரியில் கடைசி வரை கண் திறக்கவில்லை. ஆசிரியர் குழுவில் தாளாளர் இரண்டு வரியில் இரங்கல் போட்டார். அதற்குக் கீழேயே மறுநாள் வேலையையும் போட்டார். அவர் ரொம்பப் பொறுப்பான மனிதர்.

நாலாம் வகுப்பு அறிவியலுக்கு அவள் இடத்தில் யாரையும் போடவில்லை. "பாடமெல்லாம்தான் இருக்கே, போட்டுக் காட்டுங்க," என்றார். பக்கத்து வகுப்பில் இருந்த அன்புச்செல்விதான் வந்து பொத்தானை அழுத்த வேண்டும். கடலில் மீன் படாத நாட்களில் அவள் வீட்டு அடுப்பு அவள் சம்பளத்தில்தான் எரிந்தது. அழுத்தினாள்.

திரையில் ஷகீலா வந்தாள். அதே பச்சைத் துப்பட்டா.

"செடிக்கு வாய் எங்க இருக்கு? சொல்லுங்க பாக்கலாம்."

காதோரம் கை. வகுப்பு மொத்தமும் கத்தியது: "வேர்ல மிஸ்!"

"சபாஷ்," என்றாள் செத்துப்போனவள்.

அன்புச்செல்வி பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். இரண்டாவது வரிசையில் ஒரு கை மட்டும் இன்னும் தூக்கியபடி இருந்தது. ஷகீலாவின் மகள் இஃப்ரா. அவள் அந்த வகுப்பில்தான் படித்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் கையைத் தூக்கினாள், இறக்கினாள், மறுபடி தூக்கினாள். பாடம் முடிந்ததும் எழுந்து வந்தாள்.

"மிஸ், அம்மி என்னப் பாக்கவே மாட்டேங்கறாங்க."

அன்புச்செல்வி மண்டியிட்டாள். பிள்ளையை இறுக்கிக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு தாளாளர் அறைக்குப் போனாள்.

"சார், அந்த வீடியோவ நிறுத்தணும். ஒரு டீச்சரப் போடுங்க."

"ஷகீலா அருமையா நடத்தியிருக்காங்களேம்மா. அவங்க ஞாபகமா இருக்கட்டுமே."

"இஃப்ரா அந்த க்ளாஸ்ல கீது சார்." அந்த அறையில் எப்போதும் அடக்கி வைக்கும் குப்பத்துப் பேச்சு தானாக வந்துவிட்டது.

"வேணும்னா செக்ஷன் மாத்திடலாம். படியில போனப் பாத்துக்கிட்டே இறங்கினா விழத்தான் செய்வாங்க. அதுக்கு ஸ்கூல் என்ன பண்ண முடியும்?"

"அந்தப் போனுக்கு மெசேஜ் போட்டது நீங்கதான சார்."

நெடுஞ்செழியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அரையாண்டுக்குள்ள எல்லாரும் முழு வருஷப் பாடத்தையும் ஏத்திடணும். நீங்களும்தான்."

விடிகாலையில் வேர்த்து வடிய யாருக்குப் பாடம் எடுத்தோம் என்பது அவளுக்கு அப்போது விளங்கியது. தன் நாற்காலியைத் தானே தூக்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

சாயங்காலம் பனகல் பூங்காவில் ஆசிரியர்கள் கூடினார்கள். வெளியே கடைத்தெரு இரைந்தது. கணக்கு நடத்தும் பொன்மணிதான் முதலில் பயத்தைச் சொன்னாள்.

"வேலை போச்சுன்னா என் வீட்ல என்ன பண்றது செல்வி?"

"பேசாம இருந்தாலும் போவும் பொன்மணி. அவளுக்கு நடந்ததுதான் நமக்கும். நாம செத்தாக்கூட நம்மள வேலை வாங்குவாங்க."

பிரபு தலை நிமிரவில்லை. "நான் அந்த எடத்த வெட்டியிருந்தா அந்தப் பொண்ணு கை தூக்கியிருக்காது."

"வெட்டாதது நல்லது பிரபு. அதுலதான் ஷகீலா கீறா."

இருட்டும்வரை பேசினார்கள். நாலாம் வகுப்புக்கு ஆசிரியர் வர வேண்டும். ஷகீலா வீட்டார் சம்மதிக்காமல் அவள் பாடத்தைப் போடக் கூடாது. அவள் குடும்பத்துக்குப் பள்ளி பொறுப்பேற்க வேண்டும். அதுவரை ஒருவரும் பாடம் ஏற்றுவதில்லை, பள்ளி போனைத் தொடுவதில்லை. அந்த வகுப்பின் அறிவியலை ஆளுக்கொரு பீரியடாகப் பார்த்துக்கொள்வது என்றதும் ஒருவர் முனகினார்: "அவருக்கு ஓசியில உழைக்கறதா?"

"அவருக்கு இல்ல," என்றாள் பொன்மணி. "இஃப்ராவுக்கு. ரெண்டாவது பீரியட் நான் போறேன்."

மறுநாள் காலை தாளாளரின் மேசையில், அணைத்து வைத்த போன்கள் ஒவ்வொன்றாக இறங்கின. பொன்மணியும் தன்னுடையதை வைத்தாள்.

"யார் தூண்டிவிட்டது?"

யாரும் இடத்தைவிட்டு நகரவில்லை.

"நாளைக்கு எத்தன பேருக்கு வேலை இருக்குன்னு பாக்கறேன்," என்றார்.

"பாருங்க சார். க்ளாஸுக்கு நேரமாச்சு," என்றாள் அன்புச்செல்வி.

நாலாம் வகுப்பில் திரை இருண்டிருந்தது. அறிவியல் அவள் பாடமில்லை. இராத்திரி உட்கார்ந்து படித்திருந்தாள். கரும்பலகையில் ஒரு செடியை வரைந்தாள். தண்டு கொஞ்சம் கோணல்.

"செடி எதால மூச்சு விடுது? சொல்லுங்க பாக்கலாம்."

அவளை அறியாமல் கை காதோரம் போனது. கண்ணில் நீர் முட்டியது. வராந்தாவில் தாளாளரின் செருப்புச் சத்தம் நெருங்கி வந்து வாசலில் நின்றது. அவள் திரும்பவில்லை. கையை எடுக்கவும் இல்லை.

இரண்டாவது வரிசையில் ஒரு சின்னக் கை பாதிவரை எழும்பித் தயங்கியது.

"சொல்லும்மா இஃப்ரா," என்றாள் அன்புச்செல்வி. "உன்னத்தான் பாத்துக்கினு கீறேன்."

இஃப்ரா எழுந்து நின்றாள்.