பீரோவுக்குப் பின்னால்

மச்சான் தன் வீட்டை எங்களுக்கு விற்க ஒப்புக்கொண்ட நாளிலிருந்து என் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டைப் பரிசோதிக்க நான் ஒரு எஞ்சினியரை ஏற்பாடு செய்ததும் முகம் தொங்கிவிட்டது. அண்ணன் வீட்டுக்கே ஆள் வைத்துச் சோதனையா என்று காலையிலிருந்து என்னிடம் பேச்சில்லை.

மச்சான் வாசலிலேயே ஆரம்பித்தார். "வாங்க மாப்பிள்ளை. போலீஸ் நாயையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே."

"கூப்பிட்டேன் மச்சான், அதுக்கு நேரமில்லையாம்" என்றேன். எனக்கும் வாய் சும்மா இருக்காது.

எஞ்சினியர் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குழாய்களைத் திறந்து பார்த்தார், சுவர்களைத் தட்டினார், மொட்டை மாடிக்கு ஏறி இறங்கினார். மச்சான் பின்னாலேயே நடந்தார். முப்பது வருடம் கட்டட வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். சட்டைப்பையில் சீவிய பென்சில் இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை.

பின் அறை எங்கள் மகளுக்கு என்று மச்சானே முடிவு செய்திருந்தார். அங்கிருந்த இரும்பு பீரோவைக் காட்டி எஞ்சினியர், "இதைக் கொஞ்சம் நகர்த்தணும்" என்றார்.

"அது நகராது. உள்ள சாமான் இருக்கு" என்றார் மச்சான்.

"நான் தள்றேன்" என்றேன்.

"பொண்ணெடுத்த வீட்ல வந்து இப்படி அசிங்கப்படுத்தாதீங்க மாப்பிள்ளை."

"அண்ணன்தான் சொல்றாருல்ல, விடுங்களேன்" என்றாள் மனைவி. எனக்குச் சுருக்கென்றது. அந்த ஆத்திரத்தில் தோளைக் கொடுத்துத் தள்ளிவிட்டேன்.

சுவரில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல். நடுவில் ஓரிடத்தில் குறுக்கே பென்சில் கோடு, பக்கத்தில் ஒரு தேதி. ஒரு சாண் கீழே இன்னொரு கோடு, இன்னொரு தேதி. இப்படி ஐந்து. விரிசல் இறங்க இறங்க யாரோ குறித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

"அஸ்திவாரம் உள்வாங்குது" என்றார் எஞ்சினியர். "இதெல்லாம் யார் எழுதினது?"

நான் எழுத்தைப் பார்த்தேன். எங்கள் கல்யாணப் பத்திரிகைக்கெல்லாம் விலாசம் எழுதிய மச்சானின் அதே கை. ஏழுக்குக் குறுக்கே சின்னக் கோடு போடும் கை.

மனைவி குனிந்து கடைசித் தேதியைப் படித்தாள். "இது போன மாசம்ணே. அன்னைக்குத்தான் நீ எங்க வீட்டுக்கு வந்து, வெளியாளுக்குக் குடுக்க மனசு வரலைன்னு சொன்னே."

"வெளியாள்னா சண்டைக்கு வருவான். நீங்கன்னா..." என்று இழுத்தார் மச்சான்.

அவள் அவர் சட்டைப்பையிலிருந்து பென்சிலை உருவினாள். கடைசிக் கோட்டைத் தாண்டி விரிசல் இரண்டு விரல் இறங்கியிருந்தது. அங்கே ஒரு கோடு கிழித்து இன்றைய தேதியை எழுதினாள். அதன் கீழே எங்கள் மகளின் பெயரையும் எழுதிவிட்டு, பென்சிலை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.