சிவப்புக் கோட்டைத் தொடாத முள்

காப்பாருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் சீட்டுக்குப் புகை போடும் கொட்டகை அய்யாவுவின் பொறுப்பு. பதினோரு வருஷமாக அந்த இரும்பு அடுப்புக்கு அவர்தான் கட்டை போடுகிறார். சூடு பார்க்க அவருக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். அடுப்பு முகத்தில் தெளித்தால் அது ஒட்டிக்கொண்டு சீறக்கூடாது, முத்தாக உருண்டு ஓட வேண்டும். ஓடினால் சூடு சரி. வெள்ளிக்கிழமைதோறும் அடுப்பு முகத்தில் விபூதிப் பட்டை போட்டுக் கும்பிடுவதும் அவர் வழக்கம்.

ரப்பர் விலை விழுந்த வருஷம் அது. கடல் தாண்டி வந்த ஆட்களைக் குறைத்து, சொந்த ஊருக்கே கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துத் தோட்டத்தின் வெள்ளைக்காரத் துரை வட்டமான ஒரு சூடுமானியோடு வந்து சேர்ந்தார். அடுப்பு முகத்தைத் தேய்த்துத் துடைக்கச் சொல்லி, நடுவில் இரும்போடு ஒட்டி நிற்கும்படி அதை மாட்டினார். கண்ணாடிக்குள் ஒரு முள், எண்களுக்கு நடுவே ஒரு சிவப்புக் கோடு. முள் கோட்டில் நிற்காவிட்டால் அய்யாவுவும் கப்பலேறலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். காலையில் சூடுமானியை மாட்டி, பார்த்து எழுதி, மாலையில் கழற்றி ஆபீசுக்குக் கொண்டுபோவது அங்கே குமாஸ்தாவான ராதாகிருஷ்ணன் கிராணியின் வேலை.

நாலு நாள் முள் கோட்டிலேயே நின்றது. ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை, கீழே இறங்கிவிட்டது. அதே கட்டை, அதே தணல். கிராணி கண்ணாடியைத் துடைத்துப் பார்த்து, குறைச்சலாக இருக்கிறதே என்று எழுதிக்கொண்டு போனார். அய்யாவு தண்ணீர் தெளித்தார். முத்தாக ஓடியது. அப்படியானால் பொய் சொல்வது யார்?

கிராணிதான். வேறு யார் அதைக் கையில் தொடுகிறார்கள்? காரணமும் கையோடு கிடைத்தது. கிராணியின் மச்சினன் தம்புசாமிக்கு ஜெஞ்சாரோம் பக்கத்துத் தோட்டத்தில் வேலை போய்விட்டதாகத் தொழிலாளர் லயத்தில் பேச்சு. இந்த அடுப்புக்கு ஆள் தயார் என்று அய்யாவு முடிவு கட்டிவிட்டார். அதற்குப் பிறகு கிராணி சிரித்தாலும் சந்தேகம், இருமினாலும் சந்தேகம். ஒருநாள் அவர் சாப்பிட்டாயா என்று கேட்டதை மனைவி பவுனம்மாளிடம் பெரிய சதி போலச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த வெள்ளிக்குப் பிறகு முள் இன்னும் இறங்கியது. பயத்தில் அய்யாவு கட்டையை அள்ளித் திணித்தார். முள் கோட்டைத் தொடவில்லை, சீட்டுகள்தான் கொப்பளித்து வீணாயின. துரை கோபமாக வந்து நின்றார். அய்யாவு அவர் கண்ணெதிரே தண்ணீரைத் தெளித்துக் காட்டினார்.

“அடுப்பு பொய் சொல்லாது தொரே. கிராணி முள்ளக் கெடுத்து வச்சிருக்காரு.”

கிராணி இல்லவே இல்லை என்று கையெடுத்துக் கும்பிட்டார். செலவைக் குறைக்க வழி தேடிக்கொண்டிருந்த துரைக்கு அதற்குமேல் விசாரணை தேவைப்படவில்லை. கிராணியை வேலையைவிட்டு நிறுத்தி, வெள்ளிக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை காலை அய்யாவு தாமே சூடுமானியை மாட்டினார். முன்னதாக, கனமாகி உதிரத் தொடங்கியிருந்த பழைய விபூதியைச் சுரண்டிக் கழுவியிருந்தார். தணல் ஏறியதும் முள் நேராகச் சிவப்புக் கோட்டில் போய் நின்றது. திருடன் போனான், முள் திருந்தியது என்று சிரித்துக்கொண்டார். பிறகு சூடுமானியைக் கழற்றி, வழக்கம்போல விபூதியைத் தண்ணீரில் குழைத்து, கரண்டியால் அடுப்பு முகத்தின் நடுவில் மூன்று பட்டை தடிப்பாக இழுத்து, அதன்மேல் மறுபடி சூடுமானியை மாட்டினார்.

முள் இறங்கியது.

கிராணி செய்வினை வைத்துவிட்டான் என்றுதான் முதலில் தோன்றியது. பட்டையைச் சுரண்டினார், ஏறியது. பூசினார், இறங்கியது. இரும்புக்கும் சூடுமானிக்கும் நடுவில் மெத்தை விரித்தது தாமே என்று அப்போதுதான் புரிந்தது. துரையும் கிராணியும் அந்தப் பட்டையைப் பார்த்தவர்கள்தான். சாமி விஷயம் என்று இருவருமே வாய் திறக்கவில்லை.

ஓட்டமாக ஓடினார். கிராணி வீட்டு வாசலில் மாட்டுவண்டியில் சாமான் ஏறிக்கொண்டிருந்தது. மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னார். இப்போதே துரையிடம் போய்ச் சொல்கிறேன் என்றார்.

கிராணி பெட்டியைக் கீழே வைத்தார். “வேணாம் அய்யாவு. என் இடத்த எடுத்தாச்சு, திரும்பத் தர மாட்டாங்க. நீ சொன்னா உன்னையும் கப்பலேத்துவாங்க, அவ்வளவுதான்.”

“எங்க போறீங்க ஐயா?”

“பட்டணத்துக்கு, பிரிக்ஃபீல்ட்ஸுல தம்புசாமி வீட்டுக்கு. அவனுக்கு ரயில்வேயில வேலை கெடச்சு ரெண்டு மாசமாச்சு.”

ரெண்டு மாசம். சூடுமானி தோட்டத்துக்கு வருவதற்கும் முன்னால். அப்போதும் அய்யாவுவுக்குள் ஒரு நினைப்பு தலை தூக்கியது. இவ்வளவு நல்லவனாகப் பேசுகிறானே, இதில் என்ன சூது வைத்திருக்கிறானோ? அந்த நினைப்பு வந்ததும் அவருக்குத் தம்மேலேயே அருவருப்பாக இருந்தது.

கிராணியின் பெட்டியைத் தாமே தூக்கி வண்டியில் வைத்தார். வண்டி கிளாங் ரோட்டில் திரும்பி மறைந்தது. துரை பங்களாவுக்குப் போகும் பாதை எதிரிலேயே இருந்தது. அய்யாவு அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, கட்டை போட நேரமாகிவிட்டதென்று கொட்டகைக்குத் திரும்பினார்.