பார்த்தா ஒட்டிக்கும்

பச்சையம்மாளுக்குக் காலையில் கண் திறக்கவில்லை. இரண்டு இமைகளும் பீளையில் ஒட்டிக்கிடந்தன. தண்ணீர்க் குடம் எங்கே என்று சுவரைத் தடவிக்கொண்டு போனாள். போகும்போதுதான், தன் புருஷன் தினமும் இப்படித்தானே போகிறான் என்று உறைத்தது. இரண்டு கை அள்ளி அடித்ததும் இமை பிரிந்தது. உள்ளே மணலை வாரிப் போட்ட மாதிரி உறுத்தல். கதவில் மாட்டியிருந்த கையகலக் கண்ணாடியில் பார்த்தாள். கோழி அறுத்துக் கழுவின தண்ணீர் நிறத்தில் இருந்தது கண்.

நடவுக் கூட்டத்தில் போன வாரமே இரண்டு பேருக்கு வந்திருந்தது. பேரில்தான் மெட்ராஸ் ஐ. சாலவாக்கம் ஏரிக்கரைத் தெருவுக்கும் அது மழை பிடித்ததும் வந்துவிடும். அதற்குத் தெருவில் தெரிந்த ஜாக்கிரதை ஒன்றுதான். நோவு வந்தவள் கண்ணை யாரும் பார்க்கக் கூடாது. பார்த்தால் ஒட்டிக்கொள்ளும். அதற்காகவே ஒரு கறுப்புக் கண்ணாடி தெருவுக்குப் பொதுவாக இருந்தது. பக்கத்து வீட்டு அம்முலு உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் வாங்கியது. யாருக்குக் கண் வந்தாலும் அது அந்த வீட்டுக்குப் போய்விடும்.

"யக்கோவ், உனுக்கும் வந்துடுச்சா? நேத்து நாத்து புடுங்கும்போதே நெனச்சேன். இந்தா, என்க்குத் தெளிஞ்சிடுச்சி." அம்முலு வேலிக்கு மேலாகக் கண்ணாடியை நீட்டினாள்.

பச்சையம்மாள் அதை முந்தானையில் ஒரு துடை துடைத்து மாட்டிக்கொண்டாள். கண்ணைத் துடைத்ததும் அதே முந்தானைதான்.

தண்டபாணி கக்கூஸிலிருந்து வந்துகொண்டிருந்தான். வீட்டுக் கதவிலிருந்து கக்கூஸ் வரைக்கும் இடுப்பு உயரத்தில் ஒரு நைலான் கயிறு கட்டியிருந்தாள். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவன் போவதும் வருவதும். இரண்டு கண்ணிலும் புரை. இடது கண் முழுசாக வெளுத்துவிட்டது. வலது கண்ணில் வெயில் வந்தால் வெயில் என்று தெரியும், அவ்வளவுதான். சவுக்குத் தோப்பில் வெட்டு வேலை பார்த்தவன். ஒரு நாள் கோடாலி மரத்தில் விழாமல், கூட வெட்டுகிறவன் கால் பக்கத்தில் விழுந்தது. அந்த ஆள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் இவனை யாரும் வேலைக்குக் கூப்பிடவுமில்லை. போன முறை கண் முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போனபோது சர்க்கரை ஏறியிருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். அன்றிலிருந்து ராத்திரிச் சோற்றை விட்டுக் கேழ்வரகுக் களிக்கு வந்து, சர்க்கரையை இறக்கி வைத்திருந்தான். வருகிற வெள்ளிக்கிழமை மறுபடி முகாம். தேறினவர்களை அங்கிருந்தே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் ஆபரேஷன் செய்து அனுப்புவார்கள்.

"எம் மூஞ்சப் பாக்காதய்யா. கண்ணு வந்துகீது" என்றாள்.

தண்டபாணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கயிற்றைப் பிடித்தபடியே குலுங்கினான். "நா எங்கடி உன்னப் பாக்குறது? பாத்து ரெண்டு வர்சம் ஆவுது. ஊருக்கே ஒட்டுனாலும் எனக்கு ஒட்டாதுடி."

"மாமா சொல்றதும் கரெக்டுதான்க்கா" என்றாள் அம்முலு வேலிக்கு அந்தப் பக்கமிருந்து.

பச்சையம்மாளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பார்த்தால்தானே ஒட்டும்? குருடனுக்கு என்ன பயம்? தண்டபாணி கையை நீட்டித் துழாவி அவள் முகத்திலிருந்த கண்ணாடியைக் கழற்றித் தான் மாட்டிக்கொண்டான். "எப்டி கீது? சினிமாக்காரங் கணக்கா கீறனா?"

அந்த நேரத்தில்தான் நர்ஸ் மேரி ஸ்கூட்டியை நிறுத்தினாள். முகாமுக்குப் பேர் கொடுத்தவர்களுக்கு முன்கூட்டியே சர்க்கரை பார்க்க வந்திருந்தாள். அவளும் முதலில் சிரித்தாள். பச்சையம்மாளின் கண்ணைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

"அந்தக் கண்ணாடி யாருது?"

"தெருவுதும்மா. இவருக்கு ஒட்டாது நர்சம்மா, இவருக்குத்தான் கண்ணே தெரியாதே."

மேரி கண்ணாடியைக் கழற்றச் சொன்னாள். தண்டபாணியைச் சோப்பு போட்டுக் கையும் முகமும் கழுவச் சொன்னாள். கழுவி முடித்ததும் விரலில் குத்திப் பார்த்தாள்; சர்க்கரை இறங்கியிருந்தது.

"பார்வையில ஒண்ணும் பறந்து வராது பச்சையம்மா. கையிலதான் வருது. நீ கண்ணத் தொடைக்கிற. அந்தக் கையோட தாப்பாளத் தொடுற, சொம்பத் தொடுற. அவரு அதையே தொட்டுட்டுக் கண்ணக் கசக்குறாரு. முடிஞ்சிச்சு. வெள்ளிக்கெழம கண்ணு செவந்திருந்தா டாக்டர் தொடக்கூட மாட்டாங்க, திருப்பி அனுப்பிடுவாங்க. அந்தக் கண்ணாடி பாரு, அதான் வீடு வீடா சீக்கக் கொண்டுபோயிக்கிட்டிருக்கு."

அவள் போன பிறகு பச்சையம்மாள் வீட்டைப் பார்த்தாள். சுண்ணாம்புச் சுவரில் நெஞ்சு உயரத்தில் கறுப்பாக ஒரு கோடு ஓடியிருந்தது. தண்டபாணியின் கை போன வழி. கதவுச் சட்டத்தில், தாழ்ப்பாளில், அடுப்பு மேடையின் ஓரத்தில், கட்டில் காலில் எல்லாம் அந்தக் கறுப்பு. பார்க்கிறவன் கண்ணால் பார்ப்பதை எல்லாம் இவன் தொட்டுப் பார்க்கிறான். அவனுக்குத்தான் ஒட்டாது என்று நினைத்தார்களே, இந்தத் தெருவிலேயே முதலில் ஒட்ட வேண்டியவன் அவன்தான். காலையில் தான் தடவிக்கொண்டு போனதும் அதே சுவர்தான்.

அன்றிலிருந்து அவளுக்கு அதுவே வேலையாகிவிட்டது. சோப்புத்தூளைக் கரைத்துத் தாழ்ப்பாளையும் சொம்பையும் கட்டில் சட்டத்தையும் கழுவினாள். கயிற்றை ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் துணியால் உருவி உருவித் தேய்த்தாள். அவனுக்குத் தனித் துண்டு, தனிப் பாய். கண்ணைத் தொட்டால் சோப்பு, அடுப்பைத் தொடும் முன் சோப்பு, அவனுக்குத் தட்டு வைக்கும் முன் சோப்பு. நடவு நட்டு நட்டு விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். சோப்பு பட்ட ஒவ்வொரு தடவையும் நெருப்பில் கை வைத்த மாதிரி எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கழுவினாள்.

எரிச்சலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 'தொடாதே' என்று சொல்வதுதான் நாக்கில் வரவில்லை. சொம்பைத் தொடாதே, குழாயைத் தொடாதே என்று ஊர்க்காரர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்த தெரு அது. அந்தச் சொல்லைத் தன் வீட்டுக்குள், தன் புருஷனைப் பார்த்துச் சொன்னபோது வேறு யாரோ தன் வாயால் பேசுகிற மாதிரி இருந்தது.

கண்ணாடியைச் சோப்புத் தண்ணீரில் ஊறப் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு அம்முலு வேலியோரம் நின்றாள். "இன்னாக்கா, நாங்க தொட்டதுன்னு ஊற வெச்சிகீறியா? நாங்க இன்னா அவ்ளோ அசிங்கமா?"

"உன்துன்னு ஊறப்போடலடி. என்துன்னுதான் ஊறப்போட்டுகீறேன்."

அம்முலு நம்பவில்லை. ஆனால் மறுநாள் அவள் சின்னப் பிள்ளைக்குக் கண் சிவந்தபோது கண்ணாடியைக் கேட்கவில்லை. "சோப்பு ஒரு துண்டு இருந்தா குடுக்கா" என்றுதான் வந்து நின்றாள்.

தண்டபாணி முதலில் கேலி செய்தான். "எதுக்குடி இந்தப் பேஜாரு? வந்தா வருது." பிறகு அவனே பயந்துபோனான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆடினது அவன் மனதில் கிடந்து அறுத்திருக்க வேண்டும். அரித்தால்கூடக் கையைத் தூக்காமல் தோள்பட்டையில் முகத்தைத் தேய்த்தான். வாசலில் சோப்பு வைத்த இடத்தைத் தடவித் தடவிப் பழகிக்கொண்டான். நாளாக ஆக அவளுடைய கண் தெளிந்துகொண்டு வந்தது. அவனுடைய கண்ணை அவள் காலையும் மாலையும் தள்ளி நின்று பார்த்தாள். சிவக்காமல் வெள்ளையாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது வலது கண் சிவந்திருந்தது. தண்ணீராக ஊற்றிக்கொண்டிருந்தது.

பச்சையம்மாள் கட்டில் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எங்கே தப்பினது? கயிறா? துண்டா? குடத்தின் விளிம்பைக் கழுவினோமா?

"இன்னாடி, சத்தத்தையே காணும்? செவந்துகீதா?"

"செவந்துகீது."

அவன் கண்ணுக்குப் போன கையைப் பாதியிலேயே இறக்கினான். "அந்தக் கண்ணாடிய மாட்டி இட்டுக்கினு போயேன். தெரியாது" என்றான்.

அவளுக்கும் அந்த யோசனை வந்திருந்தது. அவன் வாயிலிருந்து கேட்டபோதுதான் அது எவ்வளவு அசட்டுத்தனம் என்று தெரிந்தது. டார்ச் அடித்துப் பார்க்கிற டாக்டரிடம் கறுப்புக் கண்ணாடி எந்த மூலைக்கு? "எந்திரி. போய்ப் பாத்துக்கலாம்" என்றாள்.

சாலவாக்கம் பள்ளிக்கூடத்து வகுப்பறையில் முகாம். பெஞ்சு பெஞ்சாகக் கிழவர்களும் கிழவிகளும் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் மேரி ஒவ்வொருவர் கையிலும் மருந்துத் தண்ணீர் ஊற்றி விட்டுக்கொண்டிருந்தாள். தண்டபாணியின் கண்ணைப் பார்த்ததும் அவள் முகம் சுண்டிப் போனது. டாக்டர் முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்தாள். சின்ன வயசு டாக்டரம்மா. கையுறை மாட்டிக்கொண்டு இமையை விரித்து டார்ச் அடித்தாள்.

"வீட்ல யாருக்காவது மெட்ராஸ் ஐ இருக்கா?"

"எனுக்கும்மா" என்றாள் பச்சையம்மாள் சுவரோரம் நின்றபடி. "இப்ப தெளிஞ்சிடுச்சி. இவரத் தொடாமத்தான் இருந்தேன். எல்லாத்தையும் கழுவுனேன்."

டாக்டர் இமையைப் புரட்டிப் பார்த்தாள். அடுத்த கண்ணையும் பார்த்தாள். "காலைல ஏந்திரிக்கும்போது கண்ணு ஒட்டிக்கிட்டு இருந்துச்சா?"

"இல்லம்மா."

"அப்புறம் என்ன பண்ணீங்க?"

தண்டபாணி கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டான். "ஆபரேசனுக்குப் போறமேன்னு விடியக்காலைலயே எந்திரிச்சிக் கையி நல்லா சோப்பு போட்டுக் கய்வுனேன். அப்டியே சோப்பு மூஞ்சிக்கும் போட்டேன். கண்ணுக்குள்ளயும் கிருமி இருந்தா போவட்டுமேன்னு..."

"கண்ணுக்குள்ள சோப்பா?"

"கொஞ்சூண்டுதாம்மா."

மேரி வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டரம்மா கண்ணைக் கழுவி விட்டுப் பெஞ்சில் உட்கார வைத்தாள். வரிசை எல்லாம் முடிந்த பிறகு மறுபடி டார்ச் அடித்துப் பார்த்தாள். பச்சையம்மாள் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சோப்பு எரிச்சல்தான். வேற ஒண்ணும் இல்ல. ஏத்துங்க" என்றாள் டாக்டரம்மா.

 பச்சையம்மாள் சுவரில் சாய்ந்து, பிறகு சாய்ந்தது எந்தச் சுவர் என்று பயந்து நிமிர்ந்தாள். தண்டபாணியை மேரி கையைப் பிடித்துப் பஸ்ஸில் ஏற்றினாள். ஜன்னலிலிருந்து அவன் கையை வெளியே நீட்டித் துழாவினான். பச்சையம்மாள் முந்தானைக்குள் கையைச் சுருட்டிக்கொண்டு, "இங்கதான் கீறேன், போய்ட்டு வா" என்று கத்தினாள்.

ஆபரேஷன் முடிந்து திரும்பி வந்தபோது அவன் மூக்கின் மேல் பெரிதாகக் கறுப்புக் கண்ணாடி. ஆஸ்பத்திரி கொடுத்தது. மெயின் ரோட்டில் இறங்கித் தனியாகவே நடந்து வந்தான். "டீக்கடைல ஒருத்தனும் என் மூஞ்சப் பாக்கலடி. எனுக்கு மெட்ராஸ் ஐயாம். தலயத் தொங்கப்போட்டுக்கினே டீ குடிக்கிறானுங்க" என்று வரும்போதே சிரித்தான். வாசலில் கயிற்றைப் பார்த்து நின்றான். கையால் பிடிக்காமல் கிட்டே குனிந்து பார்த்தான்.

"நீலமா இது? வெள்ளக் கயிறுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"பக்கத்துல போவாத. உக்காரு. சொட்டு மருந்து போடணும்."

பச்சையம்மாள் வாசல் தொட்டியில் கையை நனைத்துச் சோப்பு போட்டாள். விரலிடுக்கில் பிடித்த எரிச்சலுக்குப் பல்லைக் கடித்தாள். தண்ணீர் ஊற்றி உதறிவிட்டு எங்கேயும் துடைக்காமல் அவன் முன்னால் வந்து நின்றாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவன் அண்ணாந்தான். அவன் பார்வை மருந்துக் குப்பியில் நிற்கவில்லை. அதைப் பிடித்திருந்த விரல்களில் நின்றது. தோல் வெளுத்து உரிந்து, இடுக்குகளில் சிவப்பாகப் பிளந்திருந்த விரல்கள்.

"இன்னாடி கையி இது?"

"கண்ண ஆட்டாத."

குப்பியின் முனையில் ஒரு சொட்டு திரண்டு தொங்கியது. அவன் இமைக்காமல் அதைத் தாண்டி மேலே, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.