தகரத்தில் இரண்டு அடி

பேருந்தின் தகரத்தில் அக்காவின் உள்ளங்கை இரண்டு முறை விழுகிறது, ரைட், போலாம் என்கிறாள், கண்டக்டரின் விசில் ஊதப்படாமல் வாயிலேயே நிற்க வண்டி நகர்ந்துவிடுகிறது, படியில் தொங்கியபடி நான் திரும்பிப் பார்க்கிறேன், எனக்குக் கடைசித் தேர்வு அன்று, எங்கள் காலனி நிறுத்தத்தில் எந்த டிரைவரும் பிரேக்கில் கால் வைக்காத காலம், ஊர்க்காரர்களுக்குக் கைகாட்டாமலே நிற்கும் அதே வண்டி எங்களுக்குப் புழுதியை மட்டும் கொடுத்துவிட்டுப் போகும், அன்று அக்கா கரும்பு வெட்டப் போகும் தூக்குவாளியோடு நடுரோட்டில் போய் நின்றாள், சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா என்று டிரைவர் கத்தினான், சாவ வரலண்ணே, என் தங்கச்சி பரிட்சைக்குப் போவணும், ஏத்திக்கினு போ, இல்லன்னா நானும் நவுர மாட்டேன் என்று வாளியைத் தார்ரோட்டில் வைத்தாள், அவ்வளவுதான்.

ரைட் என்ற அந்தச் சொல்லை அதற்குப் பிறகு எத்தனை வாயில் கேட்டுவிட்டேன், விடைத்தாளில் சிவப்பு மையில் அது விழ விழ நான் பட்டம் வாங்கினேன், எங்கள் குடும்பத்தில் முதல் ஆள், நகரத்து ஆட்டோவில் ரைட்ல ஒடிங்க என்று சொல்லப் பழகினேன், மேனேஜர் நான் பேசப் பேச ரைட் ரைட் என்பார், ஒரு வார்த்தையும் காதில் ஏறியிருக்காது, மேடை போட்டு ரைட்ஸ் பற்றிப் பேசுகிறவர்கள் எங்கள் நிறுத்தத்தில் இறங்கியதே இல்லை, பத்தாவதில் தவறிய என் அக்கா பூங்காவனம் சொன்னபோதுதான் ஒரு வண்டி கிளம்பியது, பெண் பார்க்க வந்தவர்கள், பொண்ணு பத்தாவதுகூட தாண்டலியே, போய்ச் சொல்லி அனுப்புறோம் என்று எழுந்தபோதும் ரைட்டு, அந்த டம்ளருங்கள இப்டி குடுத்தா கழுவிடுவேன் என்றாள், நான் சிரித்துவிட்டேன், அவள் மட்டும் ஒரே டம்ளரை விடாமல் தேய்த்துக்கொண்டிருந்தாள், அன்றைக்கே ஆரம்பித்தேன் சண்டையை, நீ பத்தாவத மறுபடி எழுது, சின்னப் புள்ளைங்களோட ஒக்காந்தா சிரிப்பாளுங்கடி, சிரிக்கட்டும், உனக்கின்னா போச்சு.

இன்று காலை அதே நிறுத்தம், வண்டி இப்போதெல்லாம் நிற்கிறது, நிற்காமல் போகட்டும், பார்க்கலாம், ஹால்டிக்கெட்டைக் கைக்குள் சுருட்டிக்கொண்டு அக்கா படியேறுகிறாள், ஏறியவள் ஒரு காலைக் கீழே தொங்கவிட்டு, பயமா கீதுடி, எறங்கிடட்டா என்கிறாள், வண்டியையே மறித்து நின்றவள், வெயிலேறிய தகரத்தில் நான் ஓங்கி இரண்டு அடி அடிக்கிறேன், ரைட், போலாம், வண்டி நகர்கிறது, படியிலிருந்து திரும்பிப் பார்ப்பது அவள், எரிவது என் கை.